மோதிரம் யாருக்கு என்று கேட்காத நாள்

பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழில் நாற்பத்தோரு மதிப்பெண் வாங்கியவள் நான். கட்டுரைக் கேள்விக்கு முன்னுரை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எஸ்டிமேட் சீட்டும் லீவ் லெட்டரும்தான். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்க எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. கடையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் அக்கா என்று வைரப் பிரிவுப் பெண்கள் மூன்று முறை போன் செய்தார்கள். நேரில் கேட்டிருந்தால் தலையை ஆட்டித் தப்பித்திருப்பேன். போனில் தலையாட்டினால் அவர்களுக்குத் தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு நகைக்கடையில் இருபத்தாறு வருடம் நின்றேன். வேலை பார்த்தேன் என்று எழுதினால் உட்கார்ந்து பார்த்தது போல ஆகிவிடும். நாங்கள் நிற்பவர்கள். வாடிக்கையாளர்தான் உட்காருவார். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலம் நீலமாகப் புடைத்த பிறகு, டாக்டர் இனிமேல் நிற்காதீர்கள் என்றார். பொங்கலோடு நின்றுகொண்டேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது.

இப்போது கடையில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் வந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மெஷினில் வைத்தால்தான் சொல்லும். "அக்கா, இதை எப்படிச் சொல்லி விக்கிறது? நிச்சயத்துக்கு வர்றவங்க இது நெஜமான்னு கேக்குறாங்க" என்று பெண்கள் கேட்கிறார்கள். கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. கல்லைப் பற்றி அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். எனக்குக் கொஞ்சம் தெரிந்தது விரலைப் பற்றி. அதை எழுதுகிறேன்.

முதலில் வெள்ளிப் பிரிவில் கொலுசு துடைத்தேன். பிறகு மூக்குத்தி. எட்டாவது வருடம் வைரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெண்களின் விரலைத் தொட்டு அளவு எடுக்க ஒரு பெண் ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். அதிகம் பேசமாட்டேன் என்பதால் எதையும் உளறி வைக்கமாட்டேன் என்றும் நினைத்திருப்பார்கள்.

வைரப் பிரிவுக்கு சூப்பர்வைசர் சாரதி சார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் கடையைப் பெருக்கும் அம்மாவிலிருந்து என்னைப் போன்றவர்கள் வரை யாரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி போடுவார். இரண்டு கைப் பொத்தானையும் கழற்றிப் போட்டால் பெரிய கோபம். அதற்கு மேல் அவர் போனதில்லை.

மோதிரம் காட்டுவதற்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். அந்த வரிசை மாறக்கூடாது. முதலில், "மோதிரம் யாருக்குங்க?" என்று கேட்க வேண்டும். அதையும் எவர் முகத்தையும் பார்த்துக் கேட்கக்கூடாது. பொதுவாகக் கேட்க வேண்டும். பதில் சொல்கிறவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் சந்தனம், குங்குமம், ஒரு ரோஜாப்பூ வைத்த தட்டு. அதன் பிறகு, "அளவு எடுக்கலாமா?" என்று கேட்டு, அவர்களாகக் கையை நீட்டும் வரை காத்திருக்க வேண்டும். நாமாகப் போய் மணிக்கட்டைப் பிடிக்கக்கூடாது. அளவு எடுத்ததும் மூன்றே மூன்று மோதிரம். நான்காவதைக் கேட்டால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கடைசியில் அவர் எழுந்து வருவார்.

"நம்ம கடை லைட்டுல கூழாங்கல்லு கூட மின்னும் சார். வெளிய வாங்க, வெளிச்சத்துல பாருங்க."

வாட்ச்மேன் பக்கத்தில் நிற்க, வாசல் படியில் வைத்துக் காட்டுவார். பஸ் ஹாரன், பூக்காரியின் சத்தம், வெயில். அங்கேயும் பிடித்திருந்தால்தான் பில். வெளியே போய்ப் பார்த்து வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அதற்கு அவர் ஒரு நாளும் பொத்தானைக் கழற்றியதில்லை.

வேடிக்கையான ஆட்களும் வருவார்கள். பல்லாவரத்திலிருந்து ஒரு பையன், பெண்ணுக்குத் தெரியாமல் மோதிரம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவள் விரல் அளவைக் கொண்டுவந்திருந்தான். ரப்பர் பேண்டில்.

"தம்பி, ரப்பர் பேண்டு யானைக்கும் சரியா இருக்கும், எறும்புக்கும் சரியா இருக்கும்" என்றேன். நான் கடையில் சொன்ன மிக நீளமான நகைச்சுவை அதுதான். அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு அவனே, "என் சுண்டு விரல்ல அவ மோதிரம் போட்டுப் பாத்திருக்கேன் மேடம், இங்க வரைக்கும் வந்துச்சு" என்று ஒரு கோடு காட்டினான். அந்தக் கோட்டில் அளவு எடுத்தோம். சரியாக இருந்தது என்று இரண்டு பேருமாக வந்து சொன்னார்கள்.

இனி நான் தப்பு செய்த நாளுக்கு வருகிறேன். இரண்டு வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பகல். முகூர்த்த மாதம். கடை நிறைய ஆள். கதவருகே நிற்கும் பெண், "நிச்சயதார்த்த மோதிரம்" என்று சொல்லி மூன்று பேரை என்னிடம் அனுப்பினாள். கண்ணாடி போட்ட, காட்டன் புடவை கட்டிய ஒரு அம்மா. பக்கத்தில் சுடிதாரில் இருபத்துநாலு வயதுப் பெண். வெள்ளைச் சட்டையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினேழு வருடம் தினமும் கேட்ட கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. அடுத்து நாலு குடும்பம் காத்திருந்தது. தட்டை எடுத்து, பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்து, ரோஜாவைக் கையில் கொடுத்து, அந்தக் கையையே பிடித்து அளவு வளையத்தை மாட்டினேன்.

"ஆன்ட்டி..." என்றாள் அவள்.

"பயப்படாத கண்ணு, வலிக்காது. பன்னெண்டு போதும். மெல்லிசு விரல், அம்மா மாதிரி." அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் திரும்பி, "மாப்பிள்ளை வரலீங்களா?" என்றேன்.

அவர் பெரிதாகச் சிரித்தார். "மாப்ளயே நான்தாம்மா."

ஒரு வினாடி என் கண் அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்விட்டு அவரிடம் வந்தது. இந்த வயதுக்காரருக்கு இந்தப் பிள்ளையா என்று நினைத்தேன். நினைத்தது முகத்தில் வந்துவிட்டது. என்னைப் போன்ற கூச்சக்காரர்களுக்கு வாய்தான் மூடியிருக்கும், முகம் திறந்தே கிடக்கும்.

"பொண்ணு நான் இல்ல ஆன்ட்டி. அம்மாதான் பொண்ணு" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவளுக்கு அது வேடிக்கை. அவருக்கும் வேடிக்கை.

பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். "ஐய, இன்னாடி இது. பொண்ணுக்குப் பண்ற வயசுல" என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெதுவாகச் சொல்வதாக அவள் நினைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்டது.

அந்த அம்மா எழுந்து, அவர் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வெயிலா இருக்கு. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நடை மட்டும் வேகம். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். அந்தப் பெண் ரோஜாவைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

சாரதி சார் தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கூட்டம் குறைந்ததும் வந்தார். பொத்தானைக் கழற்றுவார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றவில்லை.

"எந்த எடத்துல விட்டீங்க?" என்றார்.

"மொதல்லயே சார். யாருக்குன்னு கேக்கல."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

புதன்கிழமை மதியம் அந்தப் பெண் தனியாக வந்தாள். ஸ்வேதா என்று பெயர். பெருங்களத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"நிச்சய மோதிரம் ஒண்ணு எனக்கு இன்னைக்கே வேணும் ஆன்ட்டி. பன்னெண்டு சைஸ்லயே குடுங்க."

"அம்மாவுக்கா?"

"அம்மாவுக்குத்தான். அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க. மோதிரம் மட்டும் இல்ல, எல்லாமே வேணாம்னு." அதுவரை தெளிவாகப் பேசியவள் அங்கே நின்று தண்ணீர் குடித்தாள். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம் ஆன்ட்டி. ஏழுமலை அங்கிள் மூணு நாளா போன் பண்றாரு, எடுக்கவே மாட்டேங்கறாங்க. மோதிரத்த வாங்கிட்டு வந்து முன்னால வச்சுட்டா என்ன பண்ணுவாங்க? ஒத்துக்கத்தானே வேணும்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அப்பா போய் ஒன்பது வருடம். அம்மா ஜெயந்தி, சேலையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ஏழுமலை கீழ்க்கட்டளையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சொந்த ஊரே அதுதான். மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்டும் பைப்பும் கொடுக்க வந்து போனதில் பழக்கம். இரண்டு வருடம் இவள்தான் அம்மாவிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாளாம்.

இரண்டு வருடம் பேசியதை நான் இரண்டு நிமிடத்தில் கலைத்திருக்கிறேன். ஒரு மோதிரத்தை அப்போதே பில் போட்டுக் கொடுத்திருக்கலாம். கேட்டு வந்த பொருளை இல்லை என்று சொன்னது என் வேலையில் அது ஒன்றுதான்.

"வேணாம்மா. அளவும் தெரியாது, அவங்க மனசும் தெரியாது. முன்னால கொண்டுபோய் வச்சா இன்னும் கோவம்தான் வரும்" என்றேன். பிறகு நானே எதிர்பார்க்காமல், "நான் வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேக்கட்டுமா?" என்றேன்.

அவள் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும் சாரதி சாரிடம் போய் நின்றேன். பெரிய குடும்பங்களுக்கு நகையை வீட்டுக்கே எடுத்துப்போய்க் காட்டுகிற வழக்கம் எங்கள் கடையில் உண்டு. காரும் வாட்ச்மேனும் கூட வரும். அப்படி ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன்.

"கல்லை எடுத்துட்டுப் போனா அது வியாபாரம் ஆயிடும் விஜயாம்மா. வெறுங்கையோட போங்க." இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். "அளவு வளையத்த மட்டும் பையில போட்டுக்குங்க. கேட்டா எடுங்க. கேக்கலைன்னா பையிலயே இருக்கட்டும்."

மறுநாள் வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. சாயங்காலம் ஐந்தரைக்கு சேலையூரில் அந்த வீட்டு மாடிப்படி ஏறினேன். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை ஆறு வாக்கியமாக மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்தது ஜெயந்தி அம்மா. என்னை உடனே தெரிந்துகொண்டார். ஆறு வாக்கியமும் போய்விட்டது.

"மேடம், நான்... அன்னைக்கு..." என்று நின்றேன்.

"உள்ள வாங்க. படியில நின்னா மேல் வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க" என்றார். சோபாவில் காயப்போட்ட துணி இருந்தது. அதை ஒதுக்கி இடம் கொடுத்தார். மகள் சொல்லி வந்தேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். "உள்ளத சொன்னா, நீங்க நல்லதுதான் பண்ணீங்க. நாளைக்கு எல்லாரும் இப்படித்தான் பாக்கப் போறாங்க. பஸ்ல, ஸ்கூல்ல, கல்யாண வீட்டுல. இவங்க யாரு, அவரு யாரு, பொண்ணு எங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் நான் நின்னு வெளக்கம் சொல்லிட்டே இருக்க முடியுமா? நாப்பத்தெட்டு வயசுல?"

நான் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவள். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

"நான் உங்கள சரியா பாக்கல மேடம். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"சார் உங்க ஹேண்ட்பேக்க வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. கல்யாணமாகி இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆனவங்க யாரும் அப்படி வாங்கி வச்சுக்க மாட்டாங்க மேடம். வண்டி சாவிய சுத்திக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. உள்ள வந்தாலும் டிவி பாப்பாங்க. எங்க வீட்டுக்காரரே மூக்குத்தி வாங்க வந்தப்ப ஏசி நல்லா இருக்குன்னு தூங்கிட்டாரு. பைய அப்படி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உக்காந்தவர நான் கட்டிக்கப் போறவங்கள்லதான் பாத்திருக்கேன். அத பாத்தும் அப்பான்னு நெனச்சேன் பாருங்க, அதான் என் தப்பு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் அல்ல.

"தூங்கிட்டாரா?" என்றார்.

"கொறட்டையே விட்டாரு மேடம். சூப்பர்வைசர் வந்து எழுப்பினாரு."

காபி போட உள்ளே போனார். நானும் எழுந்தேன். எழுந்தபோது என் பையில் அளவு வளையங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவர் சமையலறை வாசலில் நின்றார்.

"அது என்ன சத்தம்?"

சொன்னேன். உள்ளே போய்க் காபியை ஆற்றி எடுத்து வந்தார். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்து, இடது கையை நீட்டினார். நான் கேட்காமலேயே.

"அளவு மட்டும் எடுத்துக்குங்க. வருவேன்னு சொல்லல."

பன்னிரண்டு விரலுக்குள் நுழையவே இல்லை. மூட்டு கொஞ்சம் தடித்திருந்தது. பதினாலு மூட்டில் தட்டிப் பிறகு இறங்கியது. கையை மடக்கி விரிக்கச் சொன்னேன். சாயங்காலத்தில், வெயிலில் வந்தபின் விரல் சற்று ஊதியிருக்கும். காலையிலும் ஒரு முறை பார்த்தால்தான் சரியாக இருக்கும். அதைச் சொன்னபோது, கடைக்கு வரவழைக்க நான் தந்திரம் செய்வதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். உண்மையிலேயே அளவு அப்படித்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. போனும் வரவில்லை. சனிக்கிழமை காலை கடை திறந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஜெயந்தி அம்மாவும் ஏழுமலையும் உள்ளே வந்தார்கள். ஸ்வேதா வரவில்லை. கவுண்ட்டரில் வேறு இரண்டு குடும்பங்கள் இருந்தன.

அவர்கள் உட்கார்ந்தார்கள். கைப்பை அவர் மடிக்குப் போனது. நான் தட்டை எடுக்கப் போய் நின்றுவிட்டேன். கேட்பதா, வேண்டாமா? எனக்குத்தான் தெரியுமே. இத்தனை பேர் முன்னால் மறுபடி எதற்கு அவரைச் சொல்ல வைப்பது? ஆனால் அன்று விட்டதற்குக் காரணம் வேறு, இன்று விடுவதற்குக் காரணம் வேறு. இன்று விட்டால் மறைத்துவைக்கிற மாதிரி ஆகிவிடும். எவர் முகத்தையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"மோதிரம் யாருக்குங்க?"

ஏழுமலை வாயைத் திறந்தார். ஜெயந்தி அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"எனக்கு" என்றார். "எனக்குத்தான் நிச்சயம். வர்ற வெள்ளிக்கிழமை."

பக்கத்துக் குடும்பத்தில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். ஜெயந்தி அம்மாவும் அவரை நேராகப் பார்த்தார். அந்த அம்மா, "அப்படிங்களா, நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கம்மலுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். நான் குங்குமத்தட்டை நீட்டி, ரோஜாவை அவர் கையில் கொடுத்தேன்.

மூன்று மோதிரம் காட்டினேன். "இது இருபது சென்ட் சார்" என்றதும் ஏழுமலை, "இருபது சென்டா? மேடவாக்கத்துல எனக்கு இருபது சென்ட் இருந்தா நான் ஏம்மா ஆணி வித்துக்கினு கீறேன்?" என்றார். வைரத்தில் சென்ட் என்றால் ஒரு காரட்டில் நூறில் ஒரு பங்கு என்று விளக்கினேன். "தம்மாத்தூண்டு கல்லுக்கு பேரு மட்டும் பெருசா கீது" என்றார். அவருக்கு அந்த இருபதுதான் வேண்டும். கல் தூக்கலாக நான்கு கொக்கியில் நின்றது.

ஜெயந்தி அம்மா அதைப் போட்டுப் புடவையை ஒரு முறை இழுத்துவிட்டார். நூல் மாட்டியது. "ஃபைல் எடுக்கும்போது எல்லாத்துலயும் மாட்டும்" என்று கழற்றினார். பன்னிரண்டு சென்ட் கல், தங்கத்துக்குள் அமுங்கிய மாதிரி பதித்தது ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டார்.

"சின்னதா கீதே ஜெயந்தி."

"எனக்குத் தெரியுதுல்ல. போதும்."

சாரதி சார் எழுந்து வந்து வாசலுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். காலை வெயிலில் ஜெயந்தி அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. உள்ளே போகலாமா என்று சாரதி சார்தான் கேட்க வேண்டியிருந்தது.

காலை அளவு பதிமூன்றரை. அதற்கே மோதிரத்தைச் சரிசெய்யக் கொடுத்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழுமலை தனியாக வந்து வாங்கிப்போனார். டப்பாவைச் சட்டைப் பையில் வைத்து, பை மேல் கையை வைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, சேலையூர் வீட்டு மாடியில், பதினேழு பேர் முன்னிலையில் நிச்சயதார்த்தம் நடந்தது. மோதிரம் சரியாக இருந்தது என்று ஸ்வேதா மதியம் போன் செய்தாள். கடையில் அன்று கூட்டம் குறைவு. நான் இரண்டு மூக்குத்தியும் ஒரு ஜோடி தோடும் விற்றேன்.